ஏழாம் மாடி லிப்ட் வேலை செய்கிறது

மற்றவர்கள் சொல்வதைத் திருப்பிச் சொல்வதுதான் என் பிழைப்பு. பாராளுமன்றத்தில், சபைக்கு மேலே கண்ணாடி போட்ட சின்னக் கூடு ஒன்று இருக்கிறது. கீழே யாராவது சிங்களத்தில் கதைத்தால் அதற்குள் இருந்துகொண்டு அதே நேரத்தில் தமிழில் சொல்வேன். தமிழில் கதைத்தால் பக்கத்துக் கூட்டில் இருப்பவர் சிங்களத்துக்குக் கொண்டுபோவார். இந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. அமைச்சர் "நான்" என்றால் நானும் "நான்" என்றே சொல்ல வேண்டும். "அமைச்சர் என்ன சொல்கிறார் என்றால்" என்று இழுக்கக் கூடாது. வெள்ளவத்தையில் பஸ்ஸுக்கு இடிபட்டு ஏறுகிற நான், கூட்டுக்குள் போய் மைக்கைப் போட்டதும், "நான் பதவியேற்ற நாளிலிருந்து" என்று ஒரு வெட்கமும் இல்லாமல் தொடங்கிவிடுவேன்.

எனக்குப் புதினம் பார்க்கிற குணம், யார் என்ன செய்கிறார்கள் என்று நோட்டம் விடுகிற குணம், கொஞ்சம் அதிகம். கூட்டுக்குள் இருந்து பார்த்தால் சபையில் யார் ஹெட்போனைக் காதில் மாட்டுகிறார்கள், யார் மேசையில் போட்டுவிட்டு நகம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அப்படியே தெரியும். ஒருவரும் மாட்டாத நேரத்திலும் நான் தொண்டை வரளக் கதைத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். கண்டறியாத வேலை என்று தோன்றும். பிறகு எங்கேயோ ஒரு மூலையில் ஒரு கை ஹெட்போனை எடுக்கும். அந்தக் கை யாருடையது என்று எட்டிப் பார்ப்பேன்.

அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் கொட்டாஞ்சேனைப் பக்கத்து எம்.பி. ஒருவர் என் கண்ணில் விழுந்தார். குட்டையான மனுசன், மூக்கில் இறங்கின கண்ணாடி. சிங்களம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. விறாந்தையில் நின்று சிங்கள எம்.பி.மாருக்குப் பகிடி விட்டால் அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ஆனால் சபைக்குள் எழும்பினால் தமிழைத் தவிர ஒரு சொல் வராது. ஏன்? நேராகச் சிங்களத்தில் கேட்டால் அமைச்சருக்கு உடனே விளங்குமே. இன்னொன்று, அமைச்சர் சிங்களத்தில் பதில் சொல்லும்போதும் இவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு என் தமிழைத்தான் கேட்பார். இது என்ன கோதாரி என்று பக்கத்துக் கூட்டுக்காரரைக் கேட்டேன். "வோட்டுக்குத்தான், வேற என்ன?" என்றார். வீடியோ எடுத்துப் போடத்தான் என்று நானும் நினைத்துக்கொண்டேன். ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

இதற்கிடையில் எங்கள் வீட்டில் ஒரு பிரச்சினை முளைத்தது.

என் அக்கா கொட்டாஞ்சேனையில் ஒரு மாடிக்குடியிருப்பில் இருக்கிறாள். ஏழாம் மாடி. அவளுடைய மனுசன், என் அத்தான், புறக்கோட்டையில் அரிசி, பருப்பு விற்கிற மொத்தக் கடையொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்ந்தவர். சீனி வருத்தம் முற்றி ஒரு காலை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் லிப்டில்தான் மேலே ஏறினார். அதன் பிறகு லிப்ட் படுத்துவிட்டது. அன்றிலிருந்து அத்தானின் மற்றக் கால் நிலத்தில் படவில்லை. சில்லுக் கதிரையை ஜன்னலடிக்கு உருட்டிக்கொண்டுபோய்த் துறைமுகத்துக் கிரேன்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். வாய் மட்டும் குறையவில்லை.

அப்படியிருக்க மகளுக்குக் கல்யாணம் பொருந்தியது. வெள்ளவத்தையில் மண்டபமும் எடுத்தாயிற்று. தாரை வார்க்கத் தகப்பன் வேண்டும். பெடியங்கள் நாலு பேர் சேர்ந்து கதிரையோடு தூக்கிக்கொண்டு போகலாம் என்று சொந்தக்காரர் எல்லோரும் சொன்னார்கள். அத்தான் முகம் சிவந்துவிட்டது.

"நான் வாழ்நாள் முழுக்க நாட்டாமிமார் முதுகில மூட்டை போறதைப் பாத்தவன். மூட்டையாப் போய் என்ர பிள்ளையைத் தாரை வாக்க மாட்டன். லிப்ட் வந்தா வாறன். வராட்டி பெரியப்பா குடுக்கட்டும்."

"உங்கட வீம்புக்கு என்ர பிள்ளை தகப்பன் இல்லாத பிள்ளை மாதிரி மணவறையில இருக்கிறதோ?" என்று அக்கா அழுதாள். மகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். வீம்புதான். ஆனால் எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. கால் போன மனுசனுக்கு அந்த ஒரு வீம்புதானே மிச்சம்.

அக்கா வீடமைப்புக் கந்தோருக்கு நடையாய் நடந்தாள். சாமான் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும் என்று ஒரு நாள் சொல்வார்கள். இன்ஜினியர் லீவு என்பார்கள் இன்னொரு நாள். கடைசியில் அந்தக் குட்டை எம்.பி.யின் கந்தோருக்குப் போனாள். சனிக்கிழமை காலையில் அங்கே சனம் வழியும். செத்தவீட்டுக்குப் பந்தல் கேட்க வந்தவர், பள்ளிக்கூட அனுமதிக்கு வந்த தாய், தண்ணி பில் கூடிப்போய்விட்டதென்று வந்தவர் என்று எல்லோருக்கும் நடுவில் அக்கா தன் கதையைச் சொல்லியிருக்கிறாள். அவர் கேட்டுவிட்டு, "சபையில ஒரு கேள்வி போடுறன் அக்கா" என்றாராம்.

"நான் லிப்ட் கேட்டுப் போனால் அந்தாள் கேள்வி தாறார்!" என்று அக்கா போனில் வெடித்தாள்.

கேள்வி வருகிற நாளில் எனக்குத்தான் வேலை. வேறு யாரிடமாவது மாற்றிக் கொடுத்திருக்கலாம். மாட்டேன் என்று என் புதினக் குணம் பிடிவாதமாக நின்றது. என்னதான் சொல்லப் போகிறார்கள் என்று என் காதாலேயே கேட்க வேண்டும் போல இருந்தது.

எம்.பி. எழும்பித் தமிழில் கேட்டார். அந்தக் குடியிருப்பின் லிப்ட் இயங்குகிறதா, இல்லையென்றால் ஏன் இல்லை. அவ்வளவுதான். அத்தானைப் பற்றி ஒரு சொல் இல்லை, காலைப் பற்றி இல்லை, கல்யாணத்தைப் பற்றி இல்லை. எனக்குச் சப்பென்று போய்விட்டது. வீடமைப்பு அமைச்சர் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழும்பி, கையில் இருந்த கடதாசியைச் சிங்களத்தில் வாசிக்கத் தொடங்கினார். நானும் தொடங்கினேன்.

"கௌரவ சபாநாயகர் அவர்களே, நான் இந்தச் சபைக்குப் பொறுப்புடன் அறியத்தருகிறேன். குறித்த குடியிருப்பின் மின்தூக்கி எவ்வித பழுதுமின்றி இயங்குகிறது. ஏழாம் மாடி உட்பட எல்லா மாடிகளிலும் வசிப்போர் அதனைப் பயன்படுத்தி வருகின்றனர்."

ஐயோ! பச்சைப் பொய். அதை என் வாய் சொல்லிக்கொண்டிருக்கிறது. நாக்கைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ஒரு வசனத்தில் நின்றால் அடுத்த வசனம் ஓடிவிடும். தமிழில் ஒரு தயக்கமும் இல்லாமல் சொல்லி முடித்தேன். பழக்கம் அப்படி. கீழே எம்.பி. ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழும்பினார். கிழிக்கப் போகிறார் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"கௌரவ அமைச்சர் சொன்னது இன்றைய நிலைமைதானே?"

அமைச்சர் ஓம் என்றார். நானும் "ஆம்" என்றேன். எம்.பி. நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு! எனக்கு வந்த கோபத்துக்குக் கண்ணாடியில் தட்டி "எழும்பு மனுசா" என்று கத்தலாம் போல இருந்தது.

இடைவேளையில் போனை எடுத்தால் அக்கா. அவர்கள் வீட்டில் சபை நேரலையைத் தமிழில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அமைச்சரின் வாய் அசைய, என் குரல் வந்திருக்கிறது.

"எடியே, உன்ர வாயாலயே சொல்லுறியேடி! ஏழாம் மாடியில இருக்கிறவை பாவிக்கினமாம்! ஆரடி பாவிக்கிறது? நீயோ?"

"அக்கா, நான் சொல்லேல்லை. அது அமைச்சர்..."

"எனக்கு உன்ர குரல் தெரியாதோ?"

பின்னால் அத்தான் போனைப் பறிக்கிற சத்தம் கேட்டது. "மச்சாள், நல்ல தெளிவான குரல். நீர் சொன்ன உடன நான் வேட்டி சேட்டு உடுத்திக்கொண்டு லிப்டடிக்குப் போய்ப் பட்டனை அமத்திப் பாத்தனான். அதுக்கு உம்மட தமிழ் விளங்கேல்லைப் போல."

சிரிக்கத்தான் செய்தேன். போனை வைத்த பிறகு, உடுத்திக்கொண்டுபோய் அந்தப் பட்டனை உண்மையாகவே அமத்திப் பார்த்திருப்பாரோ என்ற நினைப்பு வந்தது. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுக் கூட்டுக்குத் திரும்பினேன்.

சனிக்கிழமை அக்காவோடு நானும் எம்.பி.யின் கந்தோருக்குப் போனேன், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க. எங்கள் முறை வந்ததும், "சேர், உங்களுக்கு அந்த லிப்ட் வேலை செய்யேல்லை எண்டு தெரியுந்தானே? பிறகேன் நன்றி சொல்லிப்போட்டு இருந்தனீங்கள்?" என்றேன்.

அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். முகத்தை அல்ல, குரலைப் பார்க்கிற மாதிரி. "இந்தக் குரல்... நீங்கள்தானே என்ர காதுக்குள்ள இருக்கிறவ?" என்று எழும்பியே விட்டார். கதிரை எடுத்துப் போடச் சொன்னார். தேத்தண்ணி வந்தது.

"தங்கச்சி, நீங்களும் கோவிக்கிறியள், அக்காவும் கோவிக்கிறா. கேளுங்கோ. லிப்ட் வேலை செய்யேல்லை எண்டு அமைச்சர் சொல்லியிருந்தால் என்ன நடக்கும்? 'நிதி கிடைத்ததும் ஆவன செய்யப்படும்.' பிறகு உங்கட பேரப்பிள்ளையின்ர கல்யாணத்துக்கும் அந்த லிப்ட் வராது. வேலை செய்யுது எண்டு அவர் சபையில சொல்லிப்போட்டார். இண்டைய நிலைமைதானே எண்டு கேட்டு, அதுக்கும் அவரை ஓம் சொல்லப் பண்ணிப்போட்டன். இனி அது அமைச்சரின்ர லிப்ட், ஓட வைக்கிறது அவர் பாடு. சபைக்குப் பிழையாச் சொன்னவர் எண்டு நான் சிறப்புரிமைப் பிரச்சினை கிளப்பினா அவருக்குத்தான் தலையிடி. நேற்று அமைச்சரின்ர கந்தோருக்குப் போன் எடுத்து இதை மட்டும் சொன்னனான். இனி அவை ஓடுவினம், பாருங்கோ."

"அப்ப பொய் சொல்லுவினம் எண்டு தெரிஞ்சேதான் கேட்டனீங்களோ?"

"கந்தோரில எழுதிக் குடுக்கிறவைக்கு வேலை செய்யுது எண்டு எழுதிறதுதான் சுகம். அந்தப் பழக்கம் எனக்குத் தெரியும். மற்றது, நான் அத்தானின்ர காலைப் பற்றிக் கதைச்சிருந்தால் ஆராவது போய்ப் பாத்துப்போட்டு உள்ளதை எழுதியிருப்பினம்."

வந்தது வந்தேன், நெடுநாள் சந்தேகத்தையும் கேட்டுவிட்டேன். ஏன் தமிழிலேயே?

"சிங்களத்தில கேட்டால் பக்கத்தில இருக்கிறவரோட பகிடி விட்டுக்கொண்டு அரைக் காதால கேப்பினம். தமிழில கேட்டால் ஹெட்போனை எடுத்து மாட்டவேணும். மாட்டின ஆளுக்கு வேற ஒரு சத்தமும் கேக்காது. அந்தக் கொஞ்ச நேரம் நானும் அவரும் மட்டும்." பிறகு சிரித்தார். "பதிலை நான் உங்கட தமிழில கேக்கிறது வேற காரணம். என்ர சனம் அதைத்தானே கேக்கப் போகுது. அவைக்கு எப்பிடிக் கேக்குதோ, எனக்கும் அப்பிடிக் கேக்கவேணும்."

அவர் சொன்ன மாதிரியே ஓடினார்கள். கல்யாணத்துக்கு முந்தின கிழமை, தொப்பி போட்டவர்கள் வந்து லிப்ட் கிடங்குக்குள் இறங்கித் தட்டுகிற சத்தம் மாடி முழுக்கக் கேட்டது. இத்தனை காலம் வெளிநாட்டிலிருந்து வராத சாமான் இப்போது எங்கிருந்து வந்ததென்று ஒருவரும் கேட்கவில்லை.

கல்யாணத்தன்று அத்தான் பட்டுவேட்டி கட்டி, சால்வை போட்டு, கதிரையை ஒருவரையும் தொட விடாமல் தானே உருட்டிக்கொண்டு லிப்டுக்குள் போனார். நானும் அக்காவும் பக்கத்தில் ஏறினோம். கதவு மூடியது. லிப்ட் அசையவில்லை.

"மச்சாள், ஒருக்கால் சொல்லும்" என்றார் அத்தான்.

நான் கூட்டுக்குள் இருக்கிற அதே குரலில், "குறித்த மின்தூக்கி எவ்வித பழுதுமின்றி இயங்குகிறது" என்றேன். ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு இறங்கத் தொடங்கியது. அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். கீழே கதவு திறந்ததும் அத்தான் செருப்புப் போட்ட அந்த ஒரு காலை நீட்டி நிலத்தில் ஊன்றினார். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

மணவறையில் அவர் மகளின் கையைப் பிடித்துக் கொடுத்ததைப் பார்த்த எவரும், அவர் கதிரையில் இருந்தார் என்பதைக் கவனித்திருக்க மாட்டார்கள். எம்.பி.யும் வந்தார். எம்.பி.மாருக்கு ஒரே முகூர்த்தத்தில் பல கல்யாணம். பாயாசம் மட்டும் குடித்துவிட்டு அடுத்த மண்டபத்துக்கு ஓடிவிட்டார்.

பின்னேரம் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பினோம். அத்தானே பட்டனை அமத்தினார். வெளிச்சம் வரவில்லை. திரும்ப அமத்தினார். மேல் மாடியிலிருந்து இறங்கி வந்த ஒருவர், மத்தியானமே நின்றுவிட்டது என்று சொல்லிக்கொண்டு போனார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இப்பவே எம்.பி.க்குப் போன் எடுக்கிறன். அமைச்சரைக் கிழிக்கச் சொல்லுறன். இந்த முறை..."

"விடும் மச்சாள்" என்றார் அத்தான். சால்வையை மடித்து மடியில் வைத்தார். "மகளைக் குடுக்க நான் ஆளாப் போனனான். அது முடிஞ்சுது. இப்ப மூட்டை ஏறட்டும்." பிறகு கல்யாணத்துக்கு வந்த பெடியங்களைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

நாலு பேர் கதிரையைத் தூக்கினார்கள். படி ஒடுக்கம், திருப்பத்தில் எல்லோரும் முக்கினார்கள். அத்தான் மேலே பார்த்து, புறக்கோட்டையில் நாட்டாமிமார் சனத்தை விலத்துகிற மாதிரி, "பெத்தட்ட, பெத்தட்ட!" என்று சிங்களத்தில் குரல் கொடுத்தார். ஒவ்வொரு மாடியிலும் கதவுகள் திறந்தன. ஏழாம் மாடி வரைக்கும் அவர் குரல் போய்க்கொண்டே இருந்தது. பின்னால் அவருடைய ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஏறினேன்.