வெள்ளை நோட்டு டீச்சர்

இன்று 'வெள்ளை நோட்டு டீச்சரை'ப் பார்த்துவிட்டு வந்தேன்! மனசு ஆறவில்லை, சுடச்சுடச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளின் வகுப்பு. பக்கத்து அறையில் பக்கம் பக்கமாக 'அ' போடுகிறார்கள். டீச்சரின் பிள்ளைகளோ மாவு பிசைகிறார்கள், பொத்தான் மாட்டுகிறார்கள், சண்டை போட்டுச் சமாதானமாகிறார்கள். நோட்டு மட்டும் வெள்ளை வெளேர். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர்.

"பொத்தான் போட வராத விரலுக்குப் பென்சில் எதுக்கு?" இது டீச்சர் கட்சி.

போன திங்கட்கிழமை பள்ளி மேனேஜர் டீச்சரைக் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். நோட்டு நெரம்பியிருக்கணும். இல்லேன்னா வேற எடம் பாத்துக்குங்க."

பதினெட்டு வருஷ வேலை. டீச்சருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நெரம்பும் சார்" என்று மட்டும் சொன்னார்.

நிரப்பியது பிள்ளைகள் அல்ல, டீச்சர். அன்றன்று ஒவ்வொரு பிள்ளையும் கேட்ட கேள்வியை, தேதி போட்டு, ஒரு சொல் மாற்றாமல் அவரவர் நோட்டில் எழுதினார்.

கூட்டத்தில் நோட்டைப் பிரித்த மேனேஜருக்கு முகம் சிவந்தது. "என்னம்மா இது? 'எறும்புக்கு முட்டி வலிக்குமா'? இதான் படிப்பா?"

"இதான் சார். கேக்கத் தெரிஞ்ச புள்ளைக்கு எழுத்து வந்துடும். கேக்குறதையே நிறுத்திட்டா, எழுத்த வெச்சு என்னத்த எழுதும்?"

"ஊரோட ஒத்துப் போகணும்மா!"

"ஊரே தப்பா எழுதுனா, அழிரப்பர் யாராச்சும் வெச்சிருக்கணுமில்ல?"

பின்வரிசையில் லாரி டிரைவர் ஒருவர் அதுவரை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். "எதிர்வீட்டுப் புள்ள நூறு வரைக்கும் எழுதுது. எம்பொண்ணு மாவு உருட்டுறா." மகளின் நோட்டைப் பிரித்தார். உரக்கப் படித்தார்.

"அப்பா லாரிய ஓட்டுறாரா, லாரி அப்பாவ ஓட்டுதா?"

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"எங்கிட்டயும் கேட்டா சார். 'போடி, போய் எழுது'ன்னு வெரட்டிட்டேன்." நோட்டை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். "டீச்சர் இருக்கட்டும்."

மேனேஜர் விடவில்லை. "புதன்கிழமைக்குள்ள டீச்சர் வேணும்னு பாதிப்பேரு எழுதிக் குடுங்க, பாப்போம்."

இருபத்திரண்டு பிள்ளைகள். இன்றுவரை ஒன்பது வீட்டார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இன்னும் இரண்டு வேண்டும்! அந்த வகுப்புப் பெற்றோர் யாரையாவது தெரியுமா? இதை அனுப்பிவையுங்கள். நாளைக் காலை வகுப்புக்கு நேரில் வந்தும் பாருங்கள். பொத்தான் வைத்த சட்டை போட்டு வாருங்கள். பிள்ளைகள் அவிழ்த்துவிடுவார்கள். கவலைப்படாதீர்கள், அவர்களே மாட்டியும் விடுவார்கள்.