நார்மலா, ஆபரேஷனா?

எங்கள் பக்கம் ஒரு பிள்ளை பிறந்தால், ஆணா பெண்ணா என்று கேட்ட கையோடு அடுத்த கேள்வி வந்துவிடும்: “நார்மலா, ஆபரேஷனா?”

டீக்கடையில் ஸ்ட்ராங்கும் வேண்டாம் லைட்டும் வேண்டாம் என்றால் நார்மல். பிரஷர் பார்த்தால் நார்மல். முறைத்துக்கொண்டிருந்த புருசன் பெண்டாட்டி பேசிக்கொண்டால், “நார்மலுக்கு வந்துட்டாக.” இம்புட்டுச் சாதுவான சொல்லுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் மட்டும் மீசை முளைத்துவிடும். நார்மலில் பெற்றவள் கெட்டிக்காரி. கத்தி பட்டவளுக்கு ஒரு ‘ச்சு’தான்.

தொண்ணூறுகளின் கடைசி. கே.கே. நகரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. என் மனைவிக்குத் தலைப்பிரசவம். விடிகாலையில் எடுத்த வலி, பகல் பதினொன்றாகியும் பிள்ளை வரவில்லை. டாக்டரம்மா ஒரு தாளோடு வெளியே வந்தார்.

“குழந்தையோட துடிப்பு குறையுது. இனிமே காத்திருக்கக் கூடாது. கையெழுத்துப் போடுங்க.”

பேனாவை வாங்கினேன். மேலூரிலிருந்து வந்திருந்த என் மாமியார் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவசரப்படாதீக மாப்ள. ஆறு பெத்தவ நானு. எங்க வீட்ல ஒருத்தி மேலயும் கத்தி பட்டதில்ல. பொறுத்தார் பூமியாள்வார்.”

அவனியாபுரத்தில் எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன் நான். மோட்டார் உறுமுகிற சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் கத்திய கத்தலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கையெழுத்துப் போட்டு ஏதாவது ஆகிவிட்டால், மாப்பிள்ளைதான் அறுக்கவிட்டார் என்பார்கள். போடாமல் ஆகிவிட்டால்?

“இன்னும் கொஞ்ச நேரம் பாத்தா நார்மலா ஆயிருமா மேடம்?” என்று கேட்டேன். அப்படிக் கேட்டதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். டாக்டரம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

வாளியோடு போன ஆயாம்மா நின்று மாமியாரைப் பார்த்தார். “பொறுத்தவுக பூமிய ஆளட்டும்த்தா. ஆளுறதுக்குப் புள்ள மொதல்ல பொறக்கணும்ல?”

மாமியாரின் பிடி கொஞ்சம் தளர்ந்தது. அந்த இடைவெளியில் கையெழுத்தைக் கிறுக்கிவிட்டேன். கதவைச் சாத்தினார்கள். மாமியார் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். உள்ளேயிருந்தும் இப்போது சத்தமில்லை. கத்தல் இருந்தபோதே தேவலை என்று தோன்றியது.

எம்புட்டு நேரம் போனதோ, இருமல் மாதிரி ஒரு சின்ன அழுகை கேட்டது. நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

“பொம்பளப் பிள்ள. கழுத்துல கொடி ரெண்டு சுத்துச் சுத்தியிருந்துச்சு. நல்ல நேரத்துல எடுத்தோம். தாயும் நல்லாருக்காங்க.”

மாமியார் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கினார். பின்னாலேயே ஓடினேன். எதிரே எஸ்.டி.டி. பூத். மேலூருக்கு, அவருடைய அக்காவுக்கு நம்பர் போட்டுக் கொடுத்தேன். பிள்ளை பிறந்ததைச் சொன்னார். அந்தப் பக்கம் என்ன கேட்டார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மாமியாரின் முகம் கடுத்தது.

“ஆபரேஷன்தான்” என்றார். “நாந்தான் பண்ணச் சொன்னேன். இப்ப என்னாங்கிற?”