அண்டகோளனுக்குக் கிடைத்த முகம்

கிளிட்டஸ் பிறந்தது குமரிக் கடற்கரையில், முட்டத்தில். வேற்றுக்கிரகவாசி ஆனது துபாயில், அல் கூஸில். இன்று நாடறிந்த 'கிரகம் நாற்பது' தொடருக்கு அன்றிருந்த சொத்து வாடகைக் கிடங்கு ஒன்றும் ரப்பர் உடுப்பு ஒன்றும்தான். ஏசி இரைச்சல் வசனத்தை விழுங்குகிறது என்று மெக்கானிக் கிளிட்டஸை வரவழைத்தார்கள். அவர் ஏசியை நிறுத்தினார். உடுப்புக்குள் இருந்த நடிகர் மயங்கி விழுந்தார்.

"அண்ணே, உங்க உயரம் சரியா இருக்கு. அஞ்சு நிமிஷம் உள்ள நில்லுங்க," என்றார் இயக்குநர் ஸ்ரீனிவாசன்.

அந்த ஐந்து நிமிஷம் இரண்டு ஆண்டு நீண்டது. பூமியை அழிக்க வந்த அண்டகோளன் அவர்தான். ஆனால் மூக்கு அரித்தால் சொறிய வழியில்லை. குரல் வேறொருவருடையது. பெயர் போட்டால், வேலைக்கு எடுத்த அரபு முதலாளி கஃபீல் விசாவில் கை வைப்பார் என்பதால் பெயரும் இல்லை. மிச்சமிருந்தது முகம். அது ஒரே ஒரு தடவை திரையில் தெரிந்தால் போதும் அவருக்கு. ஏனென்றால் ஊரில் மனைவி ரெபேக்காள், புருஷன் டிவியில் நடிப்பதைக் கோயில் வாசலில் அறிவித்துவிட்டாள்.

"முகமூடிக்குள்ள ஆரு வேணும்னாலும் இருக்கலாமே பிள்ளே," என்று பக்கத்து வீட்டு ஜெயமணி சொன்னதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் ஆண்டு, முகமூடி கழலும் காட்சி வந்தது. கிளிட்டஸ் மீசையைச் செதுக்கிக்கொண்டு போனார். அங்கே தொடருக்குப் பணம் போடும் ஸ்பான்சரின் மைத்துனன் வருண் பவுடர் பூசிக்கொண்டிருந்தான்.

"சார், கழத்துறது நானில்லியா?"

"கழட்டுறது நீங்கதான். உள்ள இருக்கறது அவர்," என்றார் ஸ்ரீனிவாசன். "தப்பா எடுத்துக்காதீங்க. உடம்பு மொத்தமும் உங்களுது."

"கண்ணாவது?"

"அவருக்குப் பச்சை லென்ஸ் வாங்கியாச்சுண்ணே. கலாஸ், முடிஞ்சுபோச்சு."

ஒளிபரப்பான மறுநாள் ரெபேக்காள் கூப்பிட்டாள்.

"ஊரே பாத்துது. இவ்வளவு வெள்ளையா இருக்காரேன்னு ஜெயமணி கேட்டா. மேக்கப்புன்னேன். கண்ணு பச்சையா இருக்கேன்னா. அங்கத்த தண்ணி அப்பிடின்னேன்."

"பிள்ளே, அது நான் இல்ல."

"அது எனக்குத் தெரியாதா? ஆருட்டயும் வாயத் திறந்திராதீய. டிசம்பர் லீவுக்கும் வரண்டாம்."

"பின்ன எப்ப வரட்டு?"

"அந்த நாடகம் முடியட்டு."

தொடர் இப்போது ஒன்பதாம் ஆண்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. வரவேற்பு அமோகம் என்று ஸ்ரீனிவாசன் சொல்கிறார்.