விசில் ஊதி மெலிய நினைத்தவர்

பாளையங்கோட்டையில் நான் காலையில் நடக்கப் போகும் மைதானத்தில்தான் அவரைப் பார்த்தேன். சிமெண்டு பெஞ்சில் இரண்டு பேர் இடத்தை ஒருவராகவே அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கழுத்தில் விசில், கையில் சுக்குக் காப்பி. அவர் ஊதினால் அவர் மனைவி ஓடுவார். மறுபடி ஊதினால் நடப்பார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ரப்பர் செருப்போடு ஓடும் அந்த அம்மாள் குச்சி மாதிரி இருப்பார்.

"நீங்க நடக்கலையா அண்ணாச்சி?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"விட்டு விட்டு ஓடுனா எடை கொறையுமா, ஒரே சீரா நடந்தா கொறையுமான்னு தெரியாம நான் எதுக்கு வே மூச்சு வாங்கணும்? போன வாரம் அவள நடக்க விட்டேன். இந்த வாரம் ஓட விடுதேன். எது நல்லதோ அதை நான் செய்வேன்."

"அவங்க உடம்புல கொறைக்க என்ன இருக்கு?"

"அதான் வே விஷயம். அவளுக்கே கொறைஞ்சா எனக்குக் கொறையாமலா போவும்?"

இந்த மூளைக்குக் கழுத்தில் விசில் ஒன்றுதான் குறைச்சல். பெருமையாக ஒரு ஊது ஊதினார். ஓடிக்கொண்டிருந்த அம்மாள் நடக்கவில்லை. எங்களைத் தாண்டி, கேட்டுக்கு வெளியே ஓடி, அங்கே நின்ற சேரன்மகாதேவி பஸ்ஸில் ஏறிவிட்டார். மனுஷன் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. செல்போனில் நேரத்தைப் பார்த்தார்.

"ரெண்டு வாரமும் வீணாப்போச்சே வே!"

சேரன்மகாதேவியில் அந்த அம்மாளுக்கு யார் இருக்கிறார்கள் என்று நான் இன்னமும் யோசிக்கிறேன். அண்ணாச்சி யோசித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.