மாமாவின் லத்தீன் பட்டம்

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம், மெட்ராஸில் படிக்கப் போயிருந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, படிப்பு முடியும் முன்னரே கடல் கடந்து, கோலசிலாங்கூர் பக்கம் இருந்த எங்கள் ரப்பர்த் தோட்டத்துக்குத் திரும்பி வந்துவிட்டார். கேட்டவர்களிடம் "லீவு லா" என்றார். இரண்டு மாதமாகியும் அந்த லீவு முடியவில்லை.

ஒருநாள் அவருடைய பெட்டியில் கல்லூரிக் கடிதம் ஒன்று கிடைத்தது. ஆங்கிலத்தில் இருந்தது; எழுத்துக் கூட்டியதில் மாமாவின் பெயருக்கு அடுத்திருந்த ஒரு சொல்தான் படிக்க வந்தது, அர்த்தம் விளங்கவில்லை. ரஸ்டிகேட். அவரிடமே கொண்டுபோய்க் கேட்டேன். மாமா கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டே சொன்னார்.

"அது லத்தீன்லேர்ந்து வந்தது, புள்ள. ரூஸ்னா வயக்காடு, நாட்டுப்புறம். நாட்டுப்புறத்துல போய்த் தங்கியிருன்னு அர்த்தம்."

"காலேஜே அனுப்புச்சா?"

"ஆமா. காலேஜேதான்."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. விடுதிச் சாப்பாடு சரியில்லையென்று மறியல் செய்தவரை ஒரு வருடம் நீக்கி ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். அப்படி நீக்குவதற்குத்தான் அந்தச் சொல் என்பது எனக்குத் தெரிய இன்னும் ஐந்தாறு வருடங்கள் ஆயின.

நான் அம்மாவிடம் ஓடினேன். என் வாயில் அது தோட்டத்தை ஆராய்ச்சி செய்யும் வேலையானது. அம்மா தண்ணீர்க் குழாயடியில் சொன்னபோது லத்தீன் பட்டமானது. வாரம் முடிவதற்குள், கோயில் திருவிழாவில் மாமாவுக்கு மாலை போடவேண்டும் என்று அம்மா முடிவு செய்துவிட்டார். மாமா "வேணாங்க்கா" என்றதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

கோயில் தலைவர் எங்கள் எஸ்டேட் ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா. தோட்டத்தில் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர். "என்ன பட்டம்?" என்று அவர் கேட்டதும் அம்மா என்னை முன்னால் தள்ளினார். "ரஸ்டிகேட்" என்றேன். கிராணி பேனாவை மூடினார். மலர்ந்திருந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"பெரிய வார்த்தைதாம்மா. போட்டுருவோம்."

திருவிழாவன்று ஒலிபெருக்கியில் அவர் அதிகம் பேசவில்லை. "நம்ம தோட்டத்துப் பிள்ள, நம்மகிட்டயே வந்திருக்கு" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். மாலைத் தட்டை ஏந்திக்கொண்டு நான் பக்கத்தில் நின்றதால், மாலை போடும்போது அவர் மாமாவின் காதருகே சொன்னது எனக்கும் கேட்டது.

"மிஞ்சிப்போனா ஒரு வருஷந்தானே, தம்பி. போய் முடிச்சிட்டு வா."

மறு வருடம் மாமா போனார், முடித்தும் வந்தார். ஆனால் அன்று, ஆராய்ச்சியைத்தான் சீக்கிரம் முடிக்கச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் போய் மாமாவின் கண்கள் ஏன் கலங்கவேண்டும் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.