அமலி கட்டிய கோலி எந்திரம்

ஏற்காட்டில் அந்த விடுதிப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுச் சாமான்களைப் பூட்டி வைப்பதற்கென்றே ஒரு கண்ணாடி பீரோ இருந்தது. 1979இல் ஏதோ ஒரு வெளிநாட்டுச் சங்கம் மரப்பெட்டி நிறைய பிளாஸ்டிக் கட்டைகளை அனுப்பியது. ஒன்றன் தலையில் ஒன்றைச் சொருகி வீடு, வண்டி, பாலம் என்று எதை வேண்டுமானாலும் கட்டலாம். பிரித்துப் போட்டு வேறொன்று கட்டலாம். பல்சக்கரம், அச்சு, கைப்பிடி எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன. தலைமையாசிரியர் ஞானசுந்தரம் பெட்டியைத் திறந்து பார்த்தார். இத்தனை உசத்தியான சாமானைப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் பாழாக்கிவிடுவார்கள் என்று உடனே கண்டுபிடித்தார். பீரோவில் அடுக்கிப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பிள்ளைகள் நான்கு வருஷம் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மூக்குக் கறையைத் துடைப்பது சிக் ரூம் ஆயா அமலியின் வேலை.

துடைக்கும்போதெல்லாம் அமலி மனதுக்குள் அந்த மனிதரைக் கரித்துக் கொட்டுவாள். வாய் திறந்து சொன்னதில்லை. மற்றவர்களின் முட்டாள்தனத்தைச் சும்மா நின்று பார்த்துப் பழகியவள் அவள். கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட்டின் கூலியாட்கள் லைன் வீட்டில் பிறந்து, பதினேழு வருஷம் காப்பிக்கொட்டை பிரிக்கிற கொட்டகையில் வேலை செய்தவள். காப்பிப் பழத்துக்குள் வழக்கமாகத் தட்டையாக இரண்டு கொட்டைகள் இருக்கும். சிலதில் மட்டும் உருண்டையாக ஒன்றே இருக்கும். அதற்குப் பீபெரி என்று பெயர், விலையும் அதிகம். இரண்டையும் பிரிக்க, சாய்வாக மேலே ஓடும் ஒரு கித்தான் பட்டை உண்டு. தட்டைக்கொட்டை பட்டையோடு மேலே போகும், உருண்டை கீழே உருண்டு வந்துவிடும். மழைநாளில் பட்டை ஈரம் குடித்துவிட்டால் உருண்டையும் ஒட்டிக்கொண்டு மேலே போய்விடும். அப்போதெல்லாம் கணக்கெழுதும் எஸ்டேட் ரைட்டர் வந்து எந்திரத்தை ஓங்கி ஓர் உதை விடுவார். அவர் திரும்பி நடந்ததும் அமலி பட்டைச் சட்டத்தின் அடியில் ஒரு மரச்சில்லைச் சொருகிச் சாய்வைக் கூட்டிவிடுவாள். எந்திரம் ஒழுங்காகிவிடும். தன் உதையால் சரியானது என்று ரைட்டர் கடைசிவரை நம்பினார். அந்தப் பதினேழு வருஷத்தில் படித்தவர்களைப் பற்றி அமலிக்கு ஓர் அபிப்பிராயம் உண்டாகியிருந்தது. அது நல்ல அபிப்பிராயம் இல்லை.

புருஷன் லாசர் மிளகு பறிக்க மரமேறி விழுந்து செத்த பிறகு, பங்குச் சாமியார் சொல்லித்தான் பள்ளிக்கூட வேலை கிடைத்தது. காய்ச்சல்காரப் பிள்ளைகளுக்குக் கஞ்சி கொடுப்பது, நெற்றியில் ஈரத்துணி போடுவது, ஈரத்துணிகளைக் கரி அடுப்பின்மேல் காயவைப்பது என்று பத்து வருஷம் ஓடியது.

1983இல் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. பிள்ளைகள் கட்டியதைப் படமெடுத்து அனுப்பும்படி கேட்டிருந்தார்கள். ஞானசுந்தரம் பீரோவைத் திறந்தார். பிள்ளைகளைக் கூப்பிட்டாரா என்றால் அதுதான் இல்லை. தானே உட்கார்ந்து அரைநாள் செலவழித்து ஒரு வீடு கட்டினார். டீ கொண்டுபோன அமலி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"ஏனுங்க சார், ஊட்டுக்கு வாசல் எங்கீங்க?"

"போட்டோவுக்கு எதுக்கு வாசல்?" என்றார் பி.எஸ்சி., பி.டி. படித்தவர்.

படம் போனது. பதிலுக்கு இன்னொரு கடிதம் வந்தது. சங்கத்துப் பெரியவர் ஒருவர் அடுத்த வருஷம் நவம்பரில் நேரிலேயே வருகிறாராம், பிள்ளைகள் கட்டைகளை வைத்து என்ன செய்கிறார்கள் என்று பார்க்க. பீரோவில் இருந்த கட்டைகளோ பெட்டியிலிருந்து எடுத்த அன்று போலவே பளபளவென்று இருந்தன. ஞானசுந்தரம் அமலியைக் கூப்பிட்டார்.

"இதைக் கொண்டுபோய் சிக் ரூம்ல போட்டு வை, அமலி. பிள்ளைங்க தொட்டு விளையாடுன மாதிரி கொஞ்சம் பழசாத் தெரியணும். நீயே அப்பப்ப எடுத்துக் கசக்கி வை."

விளையாட வைப்பதை விட்டுவிட்டு, விளையாடியது போல அழுக்காக்க ஆள் போடுகிற புத்தி எந்தப் பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுத்ததோ. அமலி கட்டைகளை மரப்பெட்டியில் அள்ளிப் போட்டுத் தூக்கிக்கொண்டு போனாள்.

கசக்குவதற்காகக் கையில் எடுத்தவைதான். ஆனால் ஒன்றோடொன்று சேரும்போது வந்த அந்த 'டக்' அவளுக்குப் பிடித்துவிட்டது. சேர்த்தாள், பிரித்தாள். பல்சக்கரத்தை அச்சில் கோத்துச் சுற்றினாள். படுத்திருந்த பிள்ளைகளிடம் கோலிக்குண்டு இருந்தது. ஒரு சாய்வுத் தடம் கட்டி அதில் உருட்டினாள். உருண்டு கீழே வந்த கோலியை மறுபடி மேலே கொண்டுபோக வேண்டுமே. கையால் எடுத்து வைப்பது கேவலமாகத் தோன்றியது. அன்று பிடித்ததுதான் அந்தப் பைத்தியம்.

ஐந்து மாதத்தில் எந்திரம் உருவாகிவிட்டது. கீழே ஒரு தொட்டி நிறையக் கோலி. தொட்டியின் வாய் ஒரு நேரத்தில் ஒரு கோலியை மட்டும் விடும். அதற்கப்பால் ஒன்பது படிகள். கைப்பிடியைச் சுற்றினால் ஒற்றைப்படிகள் எழும், இரட்டைப்படிகள் தாழும், அடுத்த சுற்றில் மாறும். கோலி ஒவ்வொரு படியாக ஏறி, உச்சியிலிருந்து தடத்தில் வளைந்து வளைந்து உருண்டு, மறுபடி தொட்டிக்கே வந்து சேரும். காய்ச்சல் விட்ட பிள்ளைகள்கூட வகுப்புக்குப் போகாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடித்தார்கள்.

கட்டுவதில் பாதி வேலைகூட முடிவதில்லை என்பது அமலிக்குத் தெரியும். முதலில் நூறு கோலிக்கு ஏழு கீழே விழுந்தன. தொட்டி வாயில் இரண்டு கோலிகள் தோளோடு தோள் முட்டி நின்றுகொண்டன. வாயின் ஒரு பக்கத்தை அரைக்கட்டை அளவுக்குத் தள்ளி வைத்தாள், முட்டல் நின்றது. நான்காம் படியில் கோலி பின்னால் உருண்டது. அந்தப் படிக்கு மட்டும் தகடு போல மெல்லிய ஒரு கட்டையைக் கூட்டினாள். வெயில் நாளில் தடம் ஒரு சாய்வு கேட்டது, பனிமூட்டம் இறங்கினால் வேறு சாய்வு கேட்டது. மூட்டத்தில் கோலி வியர்த்துவிடும், ஒட்டிக்கொண்டு நகராது. கொட்டகையில் பார்த்த அதே பழைய வியாதி. மூட்ட நாளில் தடத்தின் அடியில் இரண்டு தகடுகள் சொருகுவாள், வெயில் வந்தால் உருவி இடுப்புச் சுருக்குப்பையில் போட்டுக்கொள்வாள். காலையில் ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் எந்திரத்தில் கை வைப்பாள். செப்டம்பரில் நூற்றுக்கு ஒன்றுகூட விழவில்லை.

ஞானசுந்தரம் ஒருநாள் வந்து பார்த்தார். சுற்றினார். வாயைப் பிளந்தார். பிறகு ஆசிரியர்கள் டீ குடிக்கும் இடத்தில் எல்லார் முன்பும் அமலியிடம் சொன்னார்: "பெரியவர் முன்னாடி ஒரு கோலி கீழ விழாம இது ஓடுச்சுன்னா, சாமான் எதுவும் பீரோவுக்குத் திரும்பிப் போகாது. சிக் ரூமை ஒட்டின ரூமை விளையாட்டு ரூமாக்கி உன் பொறுப்பிலேயே விட்டுடறேன்."

அமலி வாழ்க்கையில் யாரிடமும் எதையும் பெரிதாகக் கேட்டதில்லை. இதை வேண்டும் என்று நினைத்தாள். பூட்டாத ஓர் அறை, தரையில் கொட்டிக் கிடக்கும் கட்டைகள், அவற்றைச் சுற்றிப் பிள்ளைகள், நடுவில் தான். அந்த மனிதர் சொன்னதை நம்பினாள் என்பதுதான் அவள் செய்த ஒரே முட்டாள்தனம்.

நவம்பர் முதல் வாரம் அக்காள் மகள் மரியசெல்விக்கு வாழவந்தியில் கல்யாணம். அமலி மூன்று நாள் லீவு போட்டாள். கிளம்பிய அன்று நல்ல வெயில். தகடுகள் இரண்டும் சுருக்குப்பையில் இருந்தன. திரும்பி வந்தபோது சிக் ரூமில் மருந்து வாசனையை மீறி வேறொரு நெடி அடித்தது. எந்திரத்தைத் தொட்டாள். தடத்தை உயர்த்தப் பார்த்தாள். அசையவில்லை. வாய்ப்பக்கத்துக் கட்டையைப் பிடித்து இழுத்தாள். நகம்தான் வலித்தது. ஓடுகிற அச்சையும் படிகளையும் விட்டுவிட்டு, மற்ற எல்லாக் கட்டைகளின் இடுக்கிலும் பசை வழிந்து காய்ந்திருந்தது.

ஞானசுந்தரம் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். முகத்தில் அத்தனை பெருமை.

"சேலத்துலருந்து டியூப் பசை வரவழைச்சு நானே ஒட்டினேன். தினமும் நீ பிரிக்கிறதும் மாட்டுறதுமா இருக்கே. பெரியவர் வர்ற அன்னைக்கு ஒண்ணு கழண்டு விழுந்தா மானம் போயிடும். நல்லா ஓடுற சமயம் பார்த்து ஒட்டிட்டேன். இனி ஆடாது, அசையாது."

"பனி எறங்குனா ஓடாதுங்க சார்."

"பனிக்கும் பிளாஸ்டிக்குக்கும் என்ன சம்பந்தம்? எனக்கு சயன்ஸ் சொல்லித் தராதே."

அமலி அவர் முகத்தையே பார்த்தாள். உயிருள்ளதைப் பிடித்து ஆணியடித்து வைத்துவிட்டு, ஓடிப்போகாமல் காப்பாற்றியதாகச் சொல்கிறாரே இந்த ஆள். இந்த மனிதரிடம் இனி ஒரு வார்த்தையும் வீண் என்று தோன்றியது. ரைட்டராவது உதைத்துவிட்டுப் போய்விடுவார்.

பெரியவர் வந்த அன்று எதிரே இருந்த ஏசுசபைக் கட்டடம்கூடத் தெரியாத மூட்டம். அமலி விடிந்ததும் சுற்றிப் பார்த்தாள். கோலிகள் தடத்தில் பசை போட்டாற்போல் நின்றன. மொத்த எந்திரத்தையும் தூக்கி அடியில் அட்டை வைத்துப் பார்த்தாள். தடம் சரிந்தது, கூடவே படிகளும் சரிந்தன. கோலிகள் பக்கவாட்டில் கொட்டின.

சும்மா இருந்திருக்கலாம். எல்லார் முன்பும் அந்த ஆள் திணறுவதை வேடிக்கை பார்த்திருக்கலாம். அந்த ஆசை அவளுக்கு இல்லாமல் இல்லை. ஆனால் பெரியவர் பார்க்கப்போவது ஞானசுந்தரத்தை அல்ல, எந்திரத்தை. தான் கட்டியது நாலு பேர் முன்னால் முடங்கி நிற்பதை அவளால் தாங்க முடியாது. அதோடு அந்த அறை வேறு கண்முன் நின்றது. எந்திரத்தை மாற்ற முடியாவிட்டால் என்ன, கோலியை மாற்றலாமே என்று நினைத்தாள். விடுதியில் இருந்த கோலிகளை எல்லாம் முறத்தில் கொட்டி, கண்ணை மூடி விரலால் உருட்டிப் பார்த்தாள். பதினேழு வருஷம் கொட்டை தடவிய விரல்கள். கொஞ்சம் கோணினாலும் ஒதுக்கிவிட்டாள். கனமாகவும் சுத்த உருண்டையாகவும் ஐம்பது தேறின. அவற்றைக் கழுவித் துடைத்து, கரி அடுப்பின் மேல் தட்டில் போட்டுச் சூடேற்றினாள். சூடான கோலி வியர்க்காது. பெரியவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் மடியிலிருந்து தொட்டிக்குள் கொட்டினாள்.

ஞானசுந்தரம் கைப்பிடியைச் சுற்றினார். ஐம்பதும் ஏறின, ஐம்பதும் உருண்டு வந்தன. ஒன்றுகூடக் கீழே விழவில்லை. பிள்ளைகள் கைதட்டினார்கள். பெரியவர் குனிந்து, தொட்டி வாயை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்க்க ஒரு கட்டையைக் கழற்றப் போனார். வரவில்லை. ஞானசுந்தரம் இங்கிலீஷில் விளக்கினார், நிரந்தரமாக ஒட்டிவிட்டோம் என்று. பெரியவர் கட்டையை விட்டுவிட்டார். ஒரு கோலியைக் கையில் எடுத்தார். அது இளஞ்சூடாக இருந்தது. அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். மூலையில் கரி அடுப்பையும் அதன் பக்கத்தில் நின்ற அமலியையும் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் ஞானசுந்தரம் முழங்கையைப் பிடித்து அவரைக் கேக் சாப்பிட அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அமலி ஆபீஸ் ரூமுக்குப் போய் நின்றாள்.

"ஏனுங்க சார், அந்த ரூமுங்க..."

"எந்த ரூம்? ஓ, அதுவா. பார்த்தியா அமலி, நேத்து அவ்வளவு மூட்டத்துலயும் ஒரு கோலி விழலை. ஒட்டினதாலதான் ஓடுச்சு. இனிமே இதை யாரும் பிரிக்கவும் வேணாம், பார்த்துக்கவும் வேணாம். மிச்சக் கட்டையையும் ஏதாவது மாடல் செஞ்சு ஒட்டிடலாம்னு இருக்கேன்."

சொன்னபடியே செய்தார். அந்த விஷயத்தில் மட்டும் சொன்ன சொல் தவறாதவர். மிச்சமிருந்த கட்டைகள் எல்லாம் பள்ளிக்கூடக் கட்டடத்தின் மாடலாகி, பசை குடித்து, கண்ணாடிப் பெட்டிக்குள் போயின. அதற்கும் வாசல் இல்லை. பக்கத்தில் கோலி எந்திரம், அதன் கீழே அவர் பெயர் எழுதிய பலகை. அவரைக் கரையேற்றியது தான் சூடேற்றிய கோலிகள்தான் என்று அமலி ஒருவரிடமும் சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து கஞ்சி காய்ச்சினாள், ஈரத்துணி போட்டாள். ஒன்பது வருஷம் அந்தக் கண்ணாடிப் பெட்டியை அவள்தான் துடைத்தாள். சுருக்குப்பையில் இருந்த இரண்டு தகடுகளைத் தவிர, மரப்பெட்டியில் வந்தவற்றில் பிரித்துச் சேர்க்கிற மாதிரி வேறொன்றும் மிஞ்சவில்லை.

1993 நவம்பரில் அமலிக்கு ஓய்வு. வழியனுப்பு விழாவுக்கு ஹாலில் எல்லாரும் கூடியிருந்தார்கள். வெளியே நல்ல மூட்டம். ஞானசுந்தரத்துக்குத் தலை நரைத்திருந்தது, மற்றபடி மாற்றமில்லை. கண்ணாடிப் பெட்டியை வைக்க இடம் போதவில்லை என்று வேறு யாரோ சொல்லியிருந்தார்கள். அவருக்கு உடனே ஒரு யோசனை தோன்றியிருந்தது.

"சிக் ரூம் ஆயா அமலி உதவியோட நான் செஞ்ச இந்த எந்திரத்தை, அவங்களுக்கே நினைவுப் பரிசா தர்றோம்" என்று மைக்கில் சொன்னார். பிள்ளைகளுக்கு ஓட்டிக் காட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, கைப்பிடியைச் சுற்றவும் செய்தார். நாலைந்து கோலிகள் படியேறின. தடத்தில் இறங்கிப் பாதியில் நின்றன. பின்னால் வந்தவை அவற்றை முட்டி, மேசையில் கொட்டி, ஹால் முழுக்க உருண்டன. பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் வேகமாகச் சுற்றினார். ஏதோ ஒடிகிற சத்தம் கேட்டது.

"அமலி, என்னன்னு கொஞ்சம் பாரேன்."

மேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்த அமலி எழுந்திருக்கவில்லை. குளிருக்குப் போர்த்திய சால்வைக்குள் கைகளை வைத்துக்கொண்டாள்.

"ஒட்டித்தானுங்களே சார் வெச்சிருக்குறீங்க. ஓடோணுமே."

ஹாலில் யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. விளங்க வேண்டியவருக்கு விளங்கியது. முகம் கறுத்துப்போய், "சரி, வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ச் சரிபண்ணிக்க" என்றார்.

"எனக்கெதுக்குங்க சார்" என்றாள் அமலி. "பூட்டி வெக்கப் பழைய பீரோ சும்மாத்தானுங்களே இருக்குது."

மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, கொட்டச்சேட்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பினாள்.