ரெசினில் பதிந்த கட்டைவிரல்

எங்கள் தீவின் ஜங்லிகாட் சந்தில் எங்கோ படகு ஒட்டும் ரெசின் பசை காய்கிறது. அந்த நெடி ஏறியதும் என் இரண்டு கைகளும் இல்லாத ஒரு இன்ஜின் மூடியைப் பிடித்துக்கொள்கின்றன.

ஒருநாள் நிஜமாகவே பிடித்தேன். என் தம்பி டிங்கிப் படகுகளுக்கு பைபர் ஒட்டுகிறவன். ஒரு படகோட்டி விரிசல் விட்ட மூடியைக் கொண்டுவந்தான். நான் ஆடாமல் பிடித்துக்கொள்ள, தம்பி ரெசின் பூசினான். ஈரத்தில் அவன் கட்டைவிரல் பட்டு அப்படியே இறுகிப்போனது. மறுவாரம் அந்த இன்ஜின் திருட்டுப்போய்ப் புதரில் கிடைத்தது. மூடியில் தம்பியின் ரேகை. ஒட்டக் கொடுத்ததைச் சொல்ல வேண்டிய படகோட்டி அதற்குள் கப்பலேறி மெயின்லேண்ட் போய்விட்டான். தம்பி உள்ளே.

தீர்ப்புக்கு முன், எதிரான சாட்சியம் ஒவ்வொன்றையும் சொல்லி 'இதற்கு என்ன சொல்கிறாய்' என்று நீதிபதி கேட்க வேண்டும். ரேகையைப் பற்றி மட்டும் தம்பியிடம் கேட்கவில்லை. விட்டுப்போச்சு. அது தெரிந்து நான் துள்ளினேன். அப்பீல் வக்கீலம்மா துள்ளவில்லை.

"தப்பு நடந்தது சரிங்க. அதனால உங்க தம்பிக்கு என்ன கெட்டுச்சுன்னு மேல்கோர்ட் பாக்கும். கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பார்? தீர்ப்பை அசைக்கிற பதில் இருந்தா ரத்து. இல்லேன்னா, தப்புதான், பாதிப்பில்லைன்னு தள்ளிருவாங்க."

பதில் இருந்தது. அதற்குச் சாட்சி நான் ஒருத்தன். மூடியைப் பிடித்த அந்த மத்தியானமோ, வருகைப் பதிவேட்டில் போட்ட கையெழுத்தின்படி நான் அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். வாயைத் திறந்தால் வேலை போகும். கராச்சர்மா போகும் பஸ்ஸைத் தவறவிட்டு நடந்தேன், நடந்தேன். எந்தப் பக்கம் போனாலும் தீவு சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

ஜெயிலில், கம்பி வலைக்கு அந்தப் பக்கம் தம்பி சிரித்தான்.

"கேக்காத கேள்விக்குப் பதில் தேடி அலையுதியாக்கும்? நல்ல பொழப்புண்ணே."

"நான் கூட இருந்தேன்னு வக்கீலம்மா எழுதித் தரச் சொல்லுதாங்க."

"வேலை போயிட்டா மதினி? பிள்ளையள்?"

"பாத்துக்கலாம்" என்றேன். எனக்கே கேட்காத குரல். அதில் இருந்த பயம் அவனுக்குக் கேட்டுவிட்டது.

"டைம் கதம்" என்று நேரம் முடிந்ததைச் சொல்லிக் காவலர் கம்பியைத் தட்டினார். தம்பி எழுந்தான்.

"அன்னைக்கு நீ ஆபீஸ்லதான இருந்த? அங்கனயே இருந்துக்கோண்ணே."